காப்புக் கட்டிய பலகை

மேல் டிவிசன்,
கொட்டகலை.
ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

அன்புள்ள மதுரன் அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல ஷாமிலா எழுதுவது. அம்மா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் 'நான்' என்று வருகிற இடமெல்லாம் அம்மா. எனக்கு ஏதும் சொல்ல இருந்தால் அடைப்புக்குள் போடுகிறேன். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் யாராவது சொன்ன முக்கியமான பேச்சு வந்தால் அவர்கள் சொன்ன மாதிரியே விட்டுவிடுகிறேன், அதை மாற்றினால் பொய் எழுதியது போல எனக்கு இருக்கும். இனி அம்மா.

தம்பி, நாங்கள் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீ அங்கே அந்த வெயிலில் உடம்புக்கு ஒரு நோவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆத்தாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் சொல்ல ஆரம்பிக்கிறேன். கடைவீதியில் ராசிக் நானாவின் மகன் ஸஜ்ஜாத் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குப் பயணம், பெரிய பார்சல் வேண்டாம், சின்னதாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அந்தப் பிள்ளையே சொன்னது, அதனால் தேயிலைத் தூளும் ஒரு போத்தல் மாசிச் சம்பலும் இந்தக் கடிதமும் அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை நீ சத்தமாகப் போட்டுக் கேட்கிறாய், உன் அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் நம் வீட்டுக் கதை தெரிகிறது, அதிலே இரண்டு பேர் நம் தோட்டத்துப் பொடியன்கள். நான் சொல்லப்போவது நீ மட்டும் கேட்க வேண்டியது. சம்பல் போத்தலின் மூடியை இறுக்கி, பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறேன், பிரித்ததும் குளிர்ப்பெட்டியில் வை, வெளியே வைத்துக் கெட்டுப்போனதைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றுவலி என்று படுக்காதே.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மழைக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. மழை விழுந்ததிலிருந்து கொழுந்து நிறைய வருகிறது, கைதான் வரவில்லை, ஐந்தாம் நம்பர் மலையில் ஏறி இறங்கினால் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து எழும்ப முடியவில்லை, அட்டை வேறு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போதே எப்போது திரும்பி வந்து படுப்போம் என்று இருக்கிறது. குசினிக்கு மேலே தகரம் இன்னும் ஒழுகுகிறது, ஒரு சட்டி வைத்திருக்கிறோம். ஷாமிலாவுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது, ஒரு கையில் புத்தகம் மற்றக் கையில் அகப்பை, இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை சோறு தீய்ந்துவிட்டது. (மூன்று தடவை அண்ணா. உண்மையாக எழுதுவேன் என்று சொன்னேன்.) அப்பா சாப்பிடுகிறார், குளிக்கிறார், வேலைக்குப் போகிறார். பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நம் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற அணை உனக்குத் தெரியாததா, நீ நீந்தப் பழகியதே அதில்தான், ஆனால் ஷாமிலா ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் ஒழுங்காக எழுத வரும் என்கிறாள், அதனால் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை ஸ்டோர் மிசினைத் தண்ணீரால் சுற்ற வைப்பதற்காகக் கட்டியது, மிசின் போய் எத்தனையோ வருடம், அணை மட்டும் நிற்கிறது, இப்போது நமக்குக் குழாய்த் தண்ணீர் அதிலிருந்துதான். இரண்டு பக்கமும் மண்கரை, நடுவில் கல் கட்டு, அதன் நடுவில் ஓர் ஆள் புகுகிற அகலத்துக்கு ஒரு வாய், வாயின் இரண்டு பக்கமும் காடி வெட்டி ஆறு பலகையை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கியிருக்கும். வெயில் காலத்தில் ஆறும் உள்ளே இருக்கும். மழைக்கு அப்பா மூன்றை எடுத்துவிடுவார், மூன்றுக்குக் கீழே போனால் குழாய்க்குத் தண்ணீர் ஏறாது. எப்போது எத்தனை பலகை என்று அப்பாவுக்குத்தான் தெரியும், அந்த இரும்புக் கொக்கியும் முப்பது வருடமாக அவர் கையில்தான். திருவிழாவுக்குக் கரகக் குடத்தை முக்கி எடுத்துப் பாலிக்க இடுப்பளவு தண்ணீர் வேண்டும் என்று ஆறு பலகையையும் இறக்கி, சாமிக்குக் காப்புக் கட்டுகிற அன்றே மேல் பலகைக்கும் பக்கத்து இரும்புத் தூணுக்குமாகச் சேர்த்து மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவது நம் தோட்டத்து வழக்கம், வேறு எந்தத் தோட்டத்திலும் அப்படி இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. கட்டினால் கரகம் முடிகிறவரைக்கும் யாரும் பலகையைத் தொடக் கூடாது, கையில் காப்புக் கட்டியவர்கள் அந்த நூலை அறுக்கவும் கூடாது.

இந்த வருடம் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள், அடுத்த வியாழன் கரகம். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவேயில்லை. திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் அப்பா படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு அணையிலேயே நின்றார். ஆறு பலகைக்கும் மேலாகத் தண்ணீர் போனது, மண்கரை மட்டத்துக்கு ஒரு முழம்தான் பாக்கி. பூசாரி பூண்டுலோயாக்காரர், கட்டிவிட்டுப் போனவர் வியாழன்தான் வருவார், போன் அடித்தும் பதில் இல்லை. தோட்டத்துத் துரை கொழும்புக்குப் போயிருந்தார், ஆபிசில் கேட்டால் திருவிழாக் காரியம் கமிட்டிக்காரர்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா கமிட்டித் தலைவர் வீரய்யாவிடம் போனார். அவர் கோபப்படவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னாராம். "பதினஞ்சு வருசமா நான் தலைவரா இருக்கேன், ஒரு வருசமாச்சும் ஆத்தா நம்மள கைவிட்டிருக்காளா? நாளைக்கு ஒரு நாள் பொறு கந்தப்பா." அப்பாவும் பொறுத்தார். ரேடியோவில் அன்று முழுக்க வான்கதவு திறந்த செய்திதான். பெரிய அணையில் கதவு திறந்தால் ஆற்றோரம் இருக்கிறவர்கள் கவனம் என்று மூன்று மொழியிலும் சொல்கிறார்கள், ஏன் திறந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

புதன்கிழமை பகல் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, அப்பா காலையிலும் சாப்பிடவில்லையே என்று ரொட்டியைக் கட்டிக்கொண்டு அணைக்குப் போனேன். அவர் மண்கரையின் அடியில் குந்தி, ஒரு பால்மாத் தகரத்தில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையின் அடியில் கொஞ்சம் கசிவது எப்போதும் உள்ளதுதான், தெளிவாக வந்தால் பயமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தகரத்தை என்னிடம் நீட்டினார். பால் விட்ட தேத்தண்ணீர் மாதிரி இருந்தது. "கலங்கி வருது, புள்ள. உள்ளுக்குள்ள மண்ணைத் தின்னுக்கிட்டு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தகரத்தை நீட்டிய கையில் காப்பு இருந்தது. கீழே பணிய லயத்தில் அடுப்புப் புகை தெரிந்தது, வேலாயி வீட்டுப் பிள்ளைகள் மழையில் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா எழும்பிப் போய்க் கொக்கியை எடுத்தார், மேல் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார், அந்த நூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. என் கையில் காப்பு இல்லை. நான் கல் கட்டில் ஏறிப் போய்க் குனிந்து, அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மஞ்சள் வாயில் கசந்தது. "இப்ப தூக்குங்க" என்று சொன்னேன்.

(அண்ணா, இது ஷாமிலா. இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன். எனக்கும் இது தெரியாது. பதினொரு நாளாக அப்பாதான் அறுத்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நானும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, எழுது என்றார். எழுதுகிறேன்.)

அப்பா ஒரேயடியாகத் தூக்கவில்லை. ஒன்றைத் தூக்கி, வெற்றிலை போடுகிற நேரம் நின்று பார்த்து, பிறகு அடுத்தது. தண்ணீர் அழுத்தியதில் பலகை காடியில் இறுகிப்போய் இரண்டு பேருமாகக் கொக்கியைப் பிடித்து இழுத்தோம், என் தோள்பட்டை இன்னும் நோகிறது. மூன்று பலகை எடுத்தோம். மாலைக்குள் தண்ணீர் இறங்கி, கசிவும் மெல்ல மெல்லத் தெளிந்தது. போன தண்ணீர் சும்மா போகவில்லை தம்பி, ஆற்றோரம் கரகத்துக்குப் போட்டிருந்த பந்தலைக் கொண்டுபோனது, வேலாயியின் புருசன் அழகன் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி முழுவதையும் வழித்துக்கொண்டு போனது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. மறுநாள் முழங்காலுக்குக்கூட வராத தண்ணீரில் கரகம் பாலிக்க முடியாது என்று, கோயிலுக்குப் பின்னால் நீலப் பிளாஸ்டிக் பரலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி அதில் முக்கி எடுத்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள், வயதான பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், ஆத்தாவுக்கு நான் செய்தது சரியோ தப்போ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பலகை தூக்கிய அன்றைக்கு இரவே கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன்னாலேயே அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். "நீ வாயைத் தொறக்காத. பொம்பளை அறுத்தான்னா உன்னைய இந்த லயத்துல வாழ விடமாட்டாங்க. எம்மேல கெடக்கட்டும்." வந்தவர்களிடம் நான்தான் அறுத்தேன் என்றார். அழகன், முப்பது வருசமா பலகை தூக்கினவருக்கு ஒரு வாரம் கை சும்மா இருக்காதா என்று கேட்டான். அப்பா கலங்கல் தண்ணீரைப் பற்றிச் சொன்னார், அணை நிற்கிறதே, எங்கே உடைந்தது காட்டு என்றார்கள். உடையாத அணையை எப்படிக் காட்டுவது? உடைந்திருந்தால் காட்டுவதற்கு இவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். கொக்கியை வாங்கிக்கொண்டு போய் அழகனின் மகன் விஜிதரனிடம் கொடுத்தார்கள். (மறுநாள் நான் அணையிலிருந்து பணிய லயம் வரைக்கும் நடந்து எண்ணினேன் அண்ணா, இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தேன். பணிய லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஐம்பத்து மூன்று பேர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.)

இதெல்லாம்கூட எனக்குத் தாங்கும். மூன்றாம் நாள் சனிக்கிழமை நீ போன் எடுத்தாயே, அதுதான் தாங்கவில்லை. நீ சொன்னதை நான் மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. "சாமி காரியத்துல கை வைக்க உங்களுக்கு எப்பிடிப்பா மனசு வந்துச்சு? வயசானா சும்மா இருக்கணும். இங்க என்னைத்தான் எல்லாரும் கேக்குறானுங்க." அப்பா போனைத் தகரப் பெட்டியின் மேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், நீ இன்னும் பேசிக்கொண்டிருந்தாய். ஆத்தாவுக்குப் புதுப் பட்டு அனுப்பியவன் நீ, அந்தப் பட்டு கட்டுகிற வருடத்தில் இப்படி ஆனது உனக்கு வலித்திருக்கும், உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயம் ஒன்று, அலுப்பு ஒன்று. அன்றிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. மதுரன் அனுப்பிய சட்டை எங்கே என்று நான் கேட்டால் சட்டையை எடுத்துத் தருகிறார், வாய் திறப்பதில்லை. நீயும் அதற்குப் பிறகு ஷாமிலாவின் போனுக்குத்தான் எடுக்கிறாய். தம்பி, நூலை அறுத்தது உன் அம்மா. அப்பா செய்ததெல்லாம் பலகையைத் தூக்கியதும் என்னை மறைத்ததும்தான். இதை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனையும் சொன்னேன்.

இன்றைக்கு ஆறு மணிக்குக் கோயிலில் கூட்டம். விஜிதரன் நல்ல பிள்ளைதான், ஆனால் தண்ணீரைக் கண்டு பயந்து இரண்டு பலகைக்கு மேல் இறக்குவதில்லை, அதனால் ஒரு வாரமாக இரண்டு லயத்துக்கும் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லோரும் ஆற்றிலிருந்து வாளியில் தூக்குகிறோம். வாளி தூக்கியதும் கமிட்டிக்காரர்களுக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. கொக்கியைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம், ஆனால் அப்பா ஆத்தாவின் முன்னால் மாப்புக் கேட்டு, இனிமேல் காப்புக் கட்டிய பலகையை எந்த மழைக்கும் தொடமாட்டேன் என்று கர்ப்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். அப்பா செய்துவிடுவார் போல இருக்கிறது. எல்லாம் ஓய்ந்த மனிதர் மாதிரி இருக்கிறார். செய்துவிட்டால் மனிதர் சொல்லை மீற மாட்டார், அடுத்த வருடமும் மழை வரும். நான் போகப் போகிறேன். போய் என்ன சொல்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் வைத்துவிட்டுப் போகிறேன், வந்து போடுகிறேன்.

(அண்ணா, இனி ஷாமிலா. இப்போது ஏழரை மணி. நானும் கோயிலுக்குப் போனேன், பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், அடைப்பை இத்தோடு மூடிவிடுகிறேன்.)

கோயிலில் நாற்பது பேர் அளவில் இருந்தார்கள், பெண்கள் இடது பக்கம். கொக்கி படியில் கிடந்தது. தலைவர் வீரய்யா மாமா அப்பாவைக் கூப்பிட்டு, "வா கந்தப்பா, சொல்லிட்டா முடிஞ்சிரும்" என்றார். அப்பா கர்ப்பூரத் தட்டுக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பினார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பினார். முழங்கால் பிடித்ததால் இரண்டு தடவை முயன்றுதான் எழும்ப முடிந்தது, அதனால் அம்மா பேசுவதற்கு முன்பே எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். "அவரு சத்தியம் பண்ண வேணாம். நூலை அறுத்தது நான். பல்லால கடிச்சு அறுத்தேன். அவரு கையில காப்பு இருந்துச்சு, எங் கையில இல்ல. அந்தத் தண்ணி கலங்கி வந்துச்சு. அடுத்த வருசமும் கலங்கி வந்தா அடுத்த வருசமும் அறுப்பேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை, கொழுந்து நிறுக்கும்போது கிலோவைச் சொல்கிற குரலில் சொன்னார். அழகன் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்த வேலாயி அத்தை, "நீங்க சும்மா இருங்க, அன்னிக்கு நீங்க ஹட்டன்ல இருந்தீங்க, நானும் புள்ளைகளும்தான் கீழ இருந்தோம்" என்றார். யாரும் மாப்பு என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கர்ப்பூரம் பற்ற வைக்காமலே இருந்தது. வீரய்யா மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, சரி, மழை வருது, போங்க என்றார். அப்பா கொக்கியை எடுக்கவில்லை. வேலாயி அத்தைதான் குனிந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். "கொண்டு போ காளியாயி, காலையில தண்ணி வேணும்." லீக்ஸ் பாத்தி போனதை அவர் மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை, முகம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தார்.

வரும் வழியில் அம்மாவும் அப்பாவும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் டோர்ச் பிடித்து வந்தேன். படிக்கட்டில் அப்பா நின்று, "பாத்து வை, வழுக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகச் சொல்லச் சொன்னவை: நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்கும்போது தலைக்குத் துணி கட்டு. ஸஜ்ஜாத் பார்சலைத் தந்தவுடன் ராசிக் நானாவுக்கு ஒரு வார்த்தை போன் எடுத்து நன்றி சொல். வருகிற ஞாயிறு அப்பா வீட்டில் இருக்கிற நேரம் அப்பாவின் போனுக்கு எடு, ஷாமிலாவின் போனுக்கு வேண்டாம். நடந்ததைப் பற்றிக் கேட்காதே, இப்போது எத்தனை பலகை உள்ளே இருக்கிறது என்று கேள், அதற்கு அவர் பதில் சொல்வார். ஆத்தா உன்னை ஒரு கஷ்டமும் அண்டாமல் காப்பாற்ற வேண்டும், நீ நல்லாயிருக்க வேண்டும், உன் பிள்ளை குட்டிகளையும் நாங்கள் தூக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
காளியாயி
(இந்தக் கையெழுத்து அம்மாவே போட்டது.)

அண்ணா, உறையை ஒட்டப் போகும்போது அப்பா கதவடியிலிருந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "மதுரன் இருக்கிற ஊர்ல மழை பேயுமான்னு கேட்டு எழுது" என்றார். கேட்டு எழுதிவிட்டேன். அவர் இன்னும் கதவடியில்தான் நிற்கிறார். எதிரே கோயிலில் லைட்டுகளை அணைத்துவிட்டார்கள்.